சொந்தக் கைகளால் ஒரு பாதை

நுழையும்முன்

மலையைக் குடைவதற்கு வெடிமருந்து வேண்டும். ஆற்றைக் கடப்பதற்குப் பாலம் வேண்டும். ஆனால், ஒரு நாடு தன் மண்ணில் தானே இருப்புப்பாதை அமைப்பதற்கு இவை மட்டும் போதா. பணம் யாருடையது, பாதை யாருக்கு உரியது, கணக்கை யார் கேட்பது என்னும் வினாக்களுக்கும் விடை காண வேண்டும். ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் சீன நாடு இவ்வினாக்களை எதிர்கொண்டது. அந்நாளில் தம் அறிவாலும் நேர்மையாலும் விடை கூறிய பொறியாளர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடல் கடந்த சிறுவன்

தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்தில் 1861ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் ஜான் தியன்யூ பிறந்தார். அவருடைய முன்னோர் தேயிலை வணிகம் செய்து செல்வராய் வாழ்ந்தவர்கள். அபினிப் போர்களுக்குப் பின் அவ்வணிகம் நொடித்தது, குடும்பம் வறுமையுற்றது. அந்நிலையில் சீன அரசு ஒரு புதிய முயற்சியைத் தொடங்கியது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1854ஆம் ஆண்டு பட்டம் பெற்ற முதல் சீனரான யுங் விங் என்பாரின் இடைவிடாத வேண்டுகோளை ஏற்று, சிறுவர்களை அரசுச் செலவில் அமெரிக்காவிற்கு அனுப்பிக் கல்வி கற்பிக்க முடிவு செய்தது.

அக்காலச் சீனப் பெற்றோருக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியாக இல்லை. பிள்ளை கடல் கடந்து பதினைந்து ஆண்டுகள் தங்க வேண்டும். அங்கு நோயுற்றாலோ இறந்தாலோ அரசு பொறுப்பேற்காது என்னும் உறுதிமொழிச் சீட்டில் தந்தை கையொப்பமிட வேண்டும். தியன்யூவின் தந்தை தயங்கினார். குடும்ப நண்பர் ஒருவர் வற்புறுத்தி அவரை இசையவைத்தார். அந்த நண்பரே பின்னாளில் தியன்யூவிற்கு மாமனார் ஆனார்.

1872ஆம் ஆண்டு முப்பது சிறுவர்கள் கொண்ட முதல் குழு ஷாங்காய்த் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. பதினொரு வயதுத் தியன்யூ அவர்களுள் ஒருவர். நான்கு ஆண்டுகளில் நான்கு குழுக்களாக 120 சிறுவர்கள் இவ்வாறு சென்றனர். கனெக்டிகட் மாநிலத்தில் நார்த்ராப் குடும்பத்தாரின் இல்லத்தில் தியன்யூ தங்கிப் பயின்றார். அவ்வில்லத்து அம்மையாருக்கு அவர் முதிர்ந்த வயதிலும் மடல் எழுதிவந்தார். 1878ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தின் ஷெஃபீல்டு அறிவியல் பள்ளியில் சேர்ந்து, கட்டுமானப் பொறியியல் கற்றார். இருப்புப்பாதைத் துறையில் தனித் தேர்ச்சி கொண்டார்.

திசைமாறிய ஏழாண்டுகள்

மாணவர்கள் தாய்நாட்டுப் பண்பாட்டை மறந்துவிடுவர் என்று சீன அரசவையின் பழமைவாதிகள் அஞ்சினர். அமெரிக்க அரசோ சீன மாணவரைத் தன் படைப் பயிற்சிக் கல்லூரிகளில் சேர்க்க மறுத்தது. சீனத் தொழிலாளருக்கு எதிரான வெறுப்பும் அந்நாட்டில் வளர்ந்துவந்தது. இவற்றின் விளைவாக, 1881ஆம் ஆண்டு மாணவர் அனைவரும் திருப்பி அழைக்கப்பட்டனர். அதற்குள் பட்டப்படிப்பை முடித்திருந்தோர் இருவரே. அவ்விருவருள் தியன்யூ ஒருவர்.

நாடு திரும்பியவரை அரசு இருப்புப்பாதைப் பணிக்கு அனுப்பவில்லை. ஃபூசௌ கப்பற்பள்ளிக்கு அனுப்பிக் கப்பலோட்டும் கலையைக் கற்கப் பணித்தது. பின்னர் அவர் குவாங்சௌ நகரில் ஆங்கிலம் கற்பித்தார். பாதை அமைக்கக் கற்றவர் ஏழாண்டுகள் பாதையின்றி நின்றார். அந்நாளில் சீனத்தில் அவருக்கேற்ற பணியே அரிதாய் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. 1876ஆம் ஆண்டு பிரித்தானிய வணிகர் சிலர், சாலை அமைப்பதாகக் கூறி நிலம் பெற்று, ஷாங்காய்க்கும் ஊசோங்கிற்கும் இடையே இருப்புப்பாதை அமைத்தனர். இசைவின்றி அமைந்த அப்பாதையைச் சீன அரசு விலை கொடுத்து வாங்கி, அடுத்த ஆண்டே பெயர்த்தெறிந்தது. தியன்யூ நாடு திரும்பிய 1881ஆம் ஆண்டில்தான் தாங்ஷான் நிலக்கரிச் சுரங்கத்திற்காகப் பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள பாதை ஒன்று அமைந்தது. அதிலும் தொடக்கத்தில் கோவேறு கழுதைகளே வண்டிகளை இழுத்தன.

1888ஆம் ஆண்டு, உடன் பயின்ற நண்பரின் உதவியால் தியன்யூ தியன்சினிலிருந்த சீன இருப்புப்பாதை நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். கிளாட் கிண்டர் என்னும் ஆங்கிலேயர் அங்குத் தலைமைப் பொறியாளராய் இருந்தார். யேல் பட்டதாரியான தியன்யூ, பயிற்சி நிலையிலிருந்தே தம் பணியைத் தொடங்கினார்.

லுவான் ஆற்றுப் பாலம்

அவருடைய திறமையை உலகறியச் செய்தது லுவான் ஆற்றின் குறுக்கே எழுந்த பாலம். ஆற்றின் அடியில் மணல் ஆழமாய்ப் படிந்திருந்தது, வெள்ளமோ கடுமையானது. வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள் முயன்றும் பாலத்தின் தூண்களை உறுதியாய் ஊன்ற இயலவில்லை. பணி தியன்யூவிடம் வந்தது. அவர் முதலில் ஆற்றுப்படுகையின் மண்ணை ஆராய்ந்தார். தூண்கள் அமையவேண்டிய இடங்களை மாற்றினார். அழுத்தப்பட்ட காற்றை நிரப்பிய கலத்தை நீரினுள் இறக்கி, அதனுள் ஆட்கள் இருந்து அடித்தளம் தோண்டும் முறையைக் கையாண்டார். 1894ஆம் ஆண்டு பாலம் நிறைவுற்றது. அதே ஆண்டில் பிரித்தானியக் கட்டுமானப் பொறியாளர் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

தண்டவாளத்தின் வழியே வந்த ஆதிக்கம்

1895ஆம் ஆண்டு சீனம் ஜப்பானிடம் போரில் தோற்றது. வலிமை குன்றிய அந்நாட்டில் வல்லரசுகள் தத்தமக்கெனப் பகுதிகளைப் பங்கிட்டுக்கொள்ள முனைந்தன. அதற்கு அவை கையாண்ட முதன்மைக் கருவி இருப்புப்பாதை. வடக்கே மஞ்சூரியாவின் ஊடாகப் பாதை அமைக்கும் உரிமையை 1896ஆம் ஆண்டு உருசியா பெற்றது. அவ்வுடன்பாட்டில் கையொப்பமிட்ட சீன அமைச்சர் லி ஹொங்ஜாங்கிற்கு 30 இலட்சம் ரூபிள் கையூட்டாக வாக்களிக்கப்பட்டது என்னும் குற்றச்சாட்டு அன்று முதல் இன்றுவரை வரலாற்றறிஞரிடையே பேசப்பட்டு வருகிறது. கிழக்கே ஷாண்டொங்கில் ஜெர்மனியும், தெற்கே யுன்னானில் பிரான்சும் உரிமை பெற்றன. பெய்ஜிங்கையும் ஹான்கௌவையும் இணைக்கும் நெடும்பாதைக்கு 1898ஆம் ஆண்டு பெல்ஜியக் கூட்டமைப்பு ஒன்று கடன் அளித்தது.

அந்நிய மூலதனம் வருவதில் தவறில்லை. அமெரிக்காவின் பாதைகளே பெருமளவு ஐரோப்பியப் பணத்தால் அமைந்தவை. சீனத்திற்கு வந்த கடனோடு பிணைந்துவந்த நிபந்தனைகளே சிக்கலை உண்டாக்கின. கடன் கொடுத்தவர் நாட்டுப் பொறியாளரே தலைமை ஏற்க வேண்டும்; தண்டவாளமும் எந்திரமும் அவர்கள் நாட்டிலிருந்தே வாங்க வேண்டும்; பாதையே ஈடாக நிற்க வேண்டும்; வருவாயும் அவர்கள் வங்கி வழியே செல்ல வேண்டும் என்பன போன்ற விதிகளால், சீன மண்ணில் ஓடிய வண்டிமேல் சீனருக்கு உரிமை இல்லாதாயிற்று.

குவாங்சௌ–ஹான்கௌ பாதையின் கதை இதற்குத் தக்க சான்று. அதனை அமைக்கும் உரிமையை 1898ஆம் ஆண்டு அமெரிக்க நிறுவனம் ஒன்று பெற்றது. உரிமையைப் பிற நாட்டாருக்கு மாற்றலாகாது என்பது உடன்பாடு. ஆயினும் அந்நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் பெல்ஜியர் கைக்குச் சென்றன. ஆண்டுகள் பல கழிந்தும் ஒரு சிறு கிளைப்பாதைக்கு மேல் எதுவும் அமையவில்லை. சினமுற்ற மாகாண மக்கள் உரிமையைத் திரும்பப் பெறுமாறு கிளர்ந்தனர். 1905ஆம் ஆண்டு 67 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்துச் சீனம் தன் உரிமையை மீட்டது. அத்தொகைக்காக ஹாங்காங் அரசிடம் 11 இலட்சம் பவுன் கடன் வாங்க நேர்ந்தது. ஓர் அந்நியரிடமிருந்து மீட்பதற்கு மற்றோர் அந்நியரிடம் கையேந்திய அந்நிகழ்வு, சீனர் பலரின் நெஞ்சை உறுத்தியது. பாதையுரிமை மீட்பு இயக்கம் நாடெங்கும் பரவியது.

இரு வல்லரசுகளின் இடையில்

பெய்ஜிங்கிற்கு வடமேற்கே மலைகளுக்கு அப்பால் உள்ளது ஜாங்ஜியாகௌ நகரம். மங்கோலியாவின் கம்பளியும் தோலும் சீனத்தின் தேயிலையும் அந்நகரில்தான் கைமாறின. ஒட்டகங்களும் கழுதைகளும் சரக்கைச் சுமந்து மலைக்கணவாயைக் கடந்தன. தலைநகரிலிருந்து அந்நகருக்குப் பாதை அமைத்தால் வணிகமும் நாட்டுப் பாதுகாப்பும் வளம்பெறும் எனச் சீன அரசு கருதியது.

அச்செய்தி கேட்டு இரு வல்லரசுகள் முன்வந்தன. தலைநகரின் வடகிழக்கே செல்லும் பாதைக்குக் கடன் கொடுத்திருந்த பிரித்தானியா, புதிய பாதையையும் தானே அமைக்க விரும்பியது. பெருஞ்சுவருக்கு வடக்கே இருப்புப்பாதை அமைப்பது தனக்கே உரியது என்று 1899ஆம் ஆண்டு பிரித்தானியாவுடன் செய்துகொண்ட உடன்பாட்டைக் காட்டி உருசியா தடுத்தது. சீனத்தின் நிலத்தைப் பற்றி இரு நாடுகள் சீனத்தைக் கேளாமல் செய்துகொண்ட உடன்பாடு அது. இழுபறி நீடித்தது. இறுதியில் அந்நியப் பணமும் அந்நியப் பொறியாளரும் இன்றிச் சீனமே பாதையை அமைப்பதாயின் இருவரும் தலையிடுவதில்லை என்னும் நிலை உருவாயிற்று. சீனரால் அது இயலாது என்னும் எண்ணமே அவர்களை அவ்வாறு இசையவைத்தது. இம்மலையில் பாதை அமைக்கவல்ல சீனப் பொறியாளர் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று வெளிநாட்டார் எள்ளி நகையாடினர்.

அரசு தியன்யூவை அழைத்தது. அவர்பால் நம்பிக்கை கொள்வதற்குக் காரணம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், பேரரசி சிசி தம் முன்னோர் கல்லறைகளை வழிபடச் செல்வதற்காக ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நீளமுள்ள பாதை ஒன்றை அமைக்க வேண்டியிருந்தது. பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் தலைமைக்காகப் பூசலிட்டபோது அப்பணி தியன்யூவிடம் அளிக்கப்பட்டது. அவர் கடுங்குளிரிலும் நான்கே மாதங்களில் அதனை முடித்தார். நாட்டின் செல்வம் அரண்மனையின் ஒருமுறைப் பயணத்திற்குச் செலவானது குறித்து மக்கள் மகிழ்ந்திருக்க இயலாது. ஆயினும் சீனப் பொறியாளர் தனித்துப் பாதை அமைக்கவல்லார் என்பதற்கு அது முதற்சான்றாய் அமைந்தது.

1905ஆம் ஆண்டு தியன்யூ புதிய பாதையின் தலைமைப் பொறியாளராய் அமர்த்தப்பட்டார். தாம் தோற்றால் அத்தோல்வி தம்மோடு நிற்காது. சீனப் பொறியாளர் அனைவரையும் அது தாழ்த்தும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அமெரிக்காவிலிருந்த நார்த்ராப் அம்மையாருக்கு எழுதிய மடலிலும் அக்கவலையைத் தெரிவித்திருந்தார்.

மலையும் மதிநுட்பமும்

இரண்டு இளம் உதவியாளருடன் அவரே மலையேறி அளந்தார். புழுதிக்காற்றிலும் கழுதைமேல் அளவைக் கருவிகளை ஏற்றிக்கொண்டு அலைந்தார்; உள்ளூர் உழவரிடமும் வழி கேட்டறிந்தார். தோராயம் என்னும் சொல் பொறியாளரின் வாயிலிருந்து வரலாகாது என்பது அவர் தம் உதவியாளருக்கு வகுத்த விதி என்பர். மூன்று வழிகளை ஆராய்ந்த பின், செலவும் காலமும் குறைந்த, ஆனால் மிகக் கடினமான மலைக்கணவாய் வழியைத் தேர்ந்தார்.

1905 அக்டோபரில் பணி தொடங்கியது. முதற்பகுதி ஓராண்டிற்குள் முடிந்தது. நான்கௌவிற்கு அப்பால் மலை செங்குத்தாய் எழுந்தது. அங்கு நான்கு சுரங்கப்பாதைகள் வேண்டியிருந்தன. ஜூயோங்குவான் சுரங்கம் 367 மீட்டர் நீளம். பெருஞ்சுவரின் அடியில் செல்லும் பாதாலிங் சுரங்கம் 1091 மீட்டர் நீளம். பாறையைத் துளைக்கும் பெரும் எந்திரங்கள் அவர்களிடம் இல்லை. உளியும் சம்மட்டியும் வெடிமருந்துமே கருவிகள். ஜூயோங்குவானில் இருமுனைகளிலிருந்தும் குடைந்தனர். பாதாலிங்கில் அதுவும் போதாது எனக் கண்ட தியன்யூ, மலையின் மேலிருந்து செங்குத்தாய்க் கிணறுபோல் இறங்கி, அதன் அடியிலிருந்து இருபுறமும் குடையச் செய்தார். இதனால் ஒரே நேரத்தில் பல முனைகளில் வேலை நடந்தது. ஊற்றுநீர் பெருகியபோது தொழிலாளர் வாளிகளால் இறைத்தனர். தியன்யூ கட்டுமான இடத்திலேயே தங்கி அவர்களுடன் உழைத்தார். வெவ்வேறு முனைகளிலிருந்து தோண்டிவந்த குழுக்கள் 1908ஆம் ஆண்டு மலையின் நடுவே சந்தித்தன. அளவு பிழைபடவில்லை.

முப்பது மீட்டர் செல்வதற்குள் ஒரு மீட்டர் உயரவேண்டிய சரிவு மற்றொரு தடையாய் நின்றது. நேரே ஏறுவதாயின் சுரங்கத்தை இன்னும் நெடுந்தொலைவு குடைய வேண்டும். சிங்லோங்சியாவ் என்னும் இடத்தில் தியன்யூ அதற்கொரு வழி கண்டார். கூரையின் இருசரிவுகள் உச்சியில் கூடுவதுபோல் இரு தடங்களைக் கூடச் செய்தார். வண்டி ஒரு தடத்தில் ஏறி உச்சியில் நிற்கும். பின்பு திசைமாறி மற்றொரு தடத்தில் ஏறும். முன்னே ஓர் எந்திரம் இழுக்க, பின்னே ஓர் எந்திரம் தள்ளும். திசை மாறுகையில் இழுத்தது தள்ளுவதாகவும் தள்ளியது இழுப்பதாகவும் ஆகும். சீன மொழியில் மனிதன் என்னும் பொருள்தரும் எழுத்தும் இதே வடிவினது. இம்முறை வேறு நாடுகளின் மலைப்பாதைகளிலும் வழக்கில் இருந்ததே. தம் மலைக்கும் தம் நிதிக்கும் அது பொருந்தும் எனக் கண்டு, தக்க இடத்தில் கையாண்டதே அவர்தம் திறம். இதனால் சுரங்கத்தின் நீளம் பெரிதும் குறைந்தது.

தெரிந்து தெளிவோம்

தொடர்வண்டிப் பெட்டிகளைத் தாமே இணைத்துக்கொள்ளும் கொக்கியைத் தியன்யூ கண்டுபிடித்தார் என்னும் கதை சீனத்தில் நெடுங்காலம் வழங்கியது. உண்மையில் அதனைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான ஈலை ஜேனி. செங்குத்தான மலைப்பாதையில் பெட்டிகள் கழன்று ஓடாமலிருக்க அக்கொக்கியைத் தியன்யூ பயன்படுத்தினார். தாம் தொகுத்த கலைச்சொல் நூலில் அதற்குரிய பெயரை ஜேனியின் பெயராலேயே குறித்தார்.

கணக்கும் கண்ணியமும்

மலையினும் கடிய தடைகள் மனிதரிடமிருந்து வந்தன. பாதைக்கான பணம், வடகிழக்குப் பாதையின் வருவாயிலிருந்து வரவேண்டும். அவ்வருவாய் கடன் கொடுத்த பிரித்தானிய வங்கியில் இருந்தது. சீனத்தின் பணத்தைச் சீனம் எடுப்பதற்கே பேச்சு நடத்த வேண்டியிருந்தது. மற்றொருபுறம், தம் குடும்பக் கல்லறைகளின் வழியே பாதை செல்லலாகாது என்று செல்வாக்குள்ளோர் தடுத்தனர். தியன்யூ அவர்களிடம் பொறுமையாய்ப் பேசி, பாதையை வளைக்காமலே இசைவு பெற்றார்.

கட்டுமானப் பணிகளில் கையூட்டும் பொய்க்கணக்கும் மலிந்த காலம் அது. நிலம் வாங்குவோர் ஒருபங்கும், பொருள் வாங்குவோர் ஒருபங்கும் மறைத்துக்கொள்வது அரசுப் பணிகளில் வழக்கமாய் இருந்தது. தியன்யூ செலவுகளைத் தாமே நேரில் கண்காணித்தார். பொறியாளரைப் படிநிலைகளாய்ப் பகுத்து, ஒவ்வொரு படிக்கும் தகுதியும் தேர்வும் வகுத்தார். திறமையும் ஒழுக்கமும் பார்த்தே பதவி உயர்வு அளித்தார். உறவும் பரிந்துரையும் அங்குச் செல்லவில்லை.

ஆறு ஆண்டுகளில் முடிப்பதாகத் திட்டமிட்ட பாதை நான்கே ஆண்டுகளில் முடிந்தது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு ஆன செலவும் மதிப்பீட்டைவிடக் குறைவே. ஒதுக்கிய பணம் மிஞ்சியது என்னும் செய்தி, பாதை முடிந்தது என்னும் செய்தியைவிடச் சீனருக்கு வியப்பளித்திருக்கும். 1909 அக்டோபர் 2ஆம் நாள் நான்கௌவில் திறப்பு விழா நிகழ்ந்தது. பல்லாயிரவர் திரண்டனர். எள்ளி நகையாடிய நாட்டாரும் வந்து கண்டனர்.

மக்கள் பணமும் மறைந்த பணமும்

வெற்றி கண்ட பொறியாளரைப் பல மாகாணங்கள் அழைத்தன. அவற்றுள் ஒன்று சிச்சுவான். சிச்சுவானையும் ஹான்கௌவையும் இணைக்கும் பாதையைத் தாமே அமைப்பதென அம்மாகாணத்தார் 1904ஆம் ஆண்டிலேயே நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தனர். அந்நியக் கடன் வாங்குவதில்லை என உறுதி பூண்டு, நிலத்தின் விளைச்சலில் நூற்றுக்கு மூன்று பங்கு வீதம் மக்களிடம் திரட்டிப் பங்குச் சீட்டுகள் அளித்தனர். ஏழை உழவரும் இவ்வாறு பங்குதாரர் ஆயினர். நாட்டுப்பற்று ஒருபுறமிருக்க, வரிபோல் கட்டாயமாய்ப் பெறப்பட்ட பணம் அது.

தியன்யூ தலைமைப் பொறியாளர் பொறுப்பேற்றார். 1909 டிசம்பரில் இச்சாங் நகரில் பணி தொடங்கியது. ஆனால், திரட்டிய பணம் முழுதும் பாதைக்கு வந்து சேரவில்லை. நிறுவனத்தின் ஷாங்காய் நிதியைப் பொறுப்பில் வைத்திருந்தோர், அதனை இரப்பர் பங்குச் சூதாட்டத்திலும் நாட்டு வங்கிகளிலும் இட்டனர். 1910ஆம் ஆண்டு ஷாங்காய்ச் சந்தை சரிந்தது. ஏறத்தாழ 30 இலட்சம் தேல் வெள்ளி மறைந்தது. அந்நியரிடம் அடகு போகலாகாது என்று உழவர் கொடுத்த பணத்தை உள்நாட்டாரே கரைத்தனர்.

இந்நிலையில் போக்குவரத்து அமைச்சர் ஷெங் சுவான்ஹுவாய், மாகாண நிறுவனங்களால் பாதை அமையாது எனக் கூறினார். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அவர் தேர்ந்த வழி நெருப்பை மூட்டியது. 1911 மே 9ஆம் நாள் முதன்மைப் பாதைகள் அனைத்தும் நாட்டுடைமை ஆயின. அதே மாதம் 20ஆம் நாள் பிரித்தானியா, பிரான்சு, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நான்கு நாட்டு வங்கிகளிடம் 60 இலட்சம் பவுன் கடனுக்கு உடன்பாடு கையொப்பமாயிற்று. மக்களிடமிருந்து எடுத்த பாதை மறுபடியும் அந்நியரிடம் ஈடாகியது. சூதாட்டத்தில் இழந்த பணத்திற்கு ஈடு தர இயலாது என்றும் அரசு அறிவித்தது. ஷெங் சுவான்ஹுவாய் அரசுப் பொறுப்பையும் சொந்தத் தொழில்களையும் ஒருங்கே வளர்த்துப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். அதனால் அவருடைய நோக்கத்தை மக்கள் நம்பவில்லை.

சிச்சுவான் கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, பள்ளிகள் மூடப்பட்டன, வரி மறுக்கப்பட்டது. செப்டம்பர் 7ஆம் நாள் இயக்கத் தலைவர்கள் சிறைப்படுத்தப்பட்டனர். அவர்களை விடுவிக்கக் கோரிய மக்கள்மேல் செங்டு நகரில் துப்பாக்கிச் சூடு நடந்தது; பலர் உயிர் துறந்தனர். கிளர்ச்சியை ஒடுக்க ஹூபேய் மாகாணத்துப் படைகள் சென்றதால் அங்குக் காவல் குன்றியது. அக்டோபர் 10ஆம் நாள் ஊச்சாங்கில் புரட்சி வெடித்தது. ஏறத்தாழ நான்கு மாதங்களில், ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த முடியாட்சி சீனத்தில் முடிவுற்றது. இருப்புப்பாதைக் கணக்கில் தொடங்கிய பூசல் அரியணையைச் சாய்த்தது.

அப்போது தியன்யூ குவாங்டொங் மாகாணத்துப் பாதை நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தார். அந்நிறுவனமும் பங்குதாரர் பூசலாலும் நிருவாகச் சீர்கேட்டாலும் நலிந்திருந்தது. புரட்சியின் குழப்பத்தில் அலுவலர் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். தியன்யூ வெளியேறவில்லை, வண்டிகளையும் நிறுத்தவில்லை. ஆட்சி மாறினும் பாதை மக்களுடையது என்பதை அவர்தம் செயல் காட்டிற்று.

இறுதிப் பயணம்

குடியரசு மலர்ந்தபின், தென்சீனப் பெரும்பாதைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்நியக் கடனை ஏற்றே அப்பாதைகளை அமைக்க வேண்டியிருந்தது. தம் நாட்டுப் பணத்தால் வென்றவர், இப்போது பிறநாட்டுப் பொறியாளருடன் ஒரே மேசையில் அமர்ந்து பணியாற்றினார். முதல் உலகப்போரால் அக்கடனும் தடைப்பட்டது. ஆயினும் ஊச்சாங்கிலிருந்து சாங்ஷா வரையிலான பாதை 1918ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

பாதைகளை அமைத்ததோடு அவர் நிற்கவில்லை. சீனப் பொறியாளர் கழகத்தின் தலைவராய் இருந்து இளையோரை வளர்த்தார். பல நாடுகள் பல அளவில் பாதை அமைத்ததால் சிதறிக் கிடந்த தொழில்நுட்ப விதிகளை ஒருமைப்படுத்த முயன்றார். பொறியியல் கலைச்சொற்களை ஆங்கிலத்திலிருந்து சீன மொழிக்குக் கொணர்ந்து அகராதி தொகுத்தார். பிறமொழியில் கற்ற அறிவு தாய்மொழியில் நிலைபெற்றால்தான் அது நாட்டின் உடைமையாகும் என அவர் கருதியதன் விளைவு அது.

1919ஆம் ஆண்டு தொடக்கத்தில், சைபீரியப் பாதையையும் மஞ்சூரியப் பாதையையும் கண்காணிக்கப் பன்னாட்டுக் குழு ஒன்று அமைந்தது. அதில் சீனத்தின் சார்பாளராகத் தியன்யூ சென்றார். ஏற்கெனவே நோயுற்றிருந்த அவர், வடபுலத்துக் கடுங்குளிரில் தம் நாட்டின் உரிமைக்காக வாதிட்டார். 1896ஆம் ஆண்டு உருசியாவிடம் சென்ற அதே பாதையின் பொருட்டு அவர்தம் இறுதி உழைப்பு செலவாயிற்று. நோய் முற்றி ஹான்கௌ திரும்பிய அவர், 1919 ஏப்ரல் 24ஆம் நாள் மறைந்தார். ஐம்பத்தெட்டாம் வயது நிறைய இரண்டு நாள்களே இருந்தன.

பாதையருகே

இரு தடங்கள் உச்சியில் கூடும் சிங்லோங்சியாவ் நிலையத்தில் 1922ஆம் ஆண்டு அவருடைய சிலை நிறுவப்பட்டது. 1982ஆம் ஆண்டு அவருடைய கல்லறையும் அங்கே கொணரப்பட்டது. 2019ஆம் ஆண்டு இறுதியில் பெய்ஜிங்கிற்கும் ஜாங்ஜியாகௌவிற்கும் இடையே அதிவிரைவுத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அதன் சுரங்கம், அவர் அமைத்த பழைய நிலையத்தின் அடியிலேயே செல்கிறது.

அவர் தொடங்கிய மற்றொரு பாதையின் கதை வேறு. இச்சாங்கிலிருந்து மேற்கே செல்லும் மலைப்பாதை, அவர் பணி தொடங்கி நூறாண்டுகள் கடந்த பின், 2010ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. மலையின் கடுமையும் நாட்டில் நிகழ்ந்த போர்களும் அதற்குக் காரணங்கள். ஆனால், முதல் தடை சிச்சுவான் உழவரின் பணம் ஷாங்காயில் மறைந்த நாளிலேயே விழுந்தது.

ஒருவரே வரைந்த இரு பாதைகள். இரண்டும் உள்நாட்டுப் பணத்தால் தொடங்கியவை. இரண்டிலும் நாட்டுப்பற்று பொங்கியது. ஒன்று காலத்திற்கு முன்பே முடிந்தது. மற்றொன்று நூறாண்டு காத்திருந்தது. பெய்ஜிங்–ஜாங்ஜியாகௌ பாதையில் ஒவ்வொரு தேலுக்கும் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கேடும் தியன்யூ தம் நாட்டிற்கு விட்டுச்சென்ற செல்வமே.